தோட்டாவும் நம்பிக்கையும்

மலாயாவில் 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. கதவும் தாழும் வீட்டைக் காக்கும் என்று நம்பியிருந்த எளிய மக்களுக்கு, துப்பாக்கியைப் பற்றியும் தோட்டாவைப் பற்றியும் எண்ண வேண்டிய காலமாக அஃது அமைந்தது.

1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் வாழ்ந்தோர் கம்பி வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவ்வேலிகளைக் காக்க எழுந்த ஊர்க்காவல் படையினர் பலரிடம் வேட்டைத் துப்பாக்கியே கொடுக்கப்பட்டது. அதனைப் பழகுவது எளிது. இருளிலும் அண்மையிலும் பயன் தருவது. தொலைவு செல்லச் செல்ல ஆற்றல் குன்றுவது. வேலியோரக் காவலுக்கு அது போதும்.

இவ்வகைத் துப்பாக்கிகளுள் பெயர் பெற்றது பன்னிரண்டாம் எண் துப்பாக்கி. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே அதன் குழலின் விட்டம். தோட்டாக்களோ மூவகை. பறவை வேட்டைக்குரியதில் நூற்றுக்கணக்கான நுண்ரவைகள் இருக்கும். மான், பன்றி முதலியவற்றுக்குரியதில் பருத்த ரவைகள் சிலவே இருக்கும். மூன்றாவது வகையில் ஒரே குண்டு. நுண்ரவை விரைவில் வலுவிழக்கும். பருத்த ரவை ஆழப் பாயும். ஒற்றைக் குண்டு அதனினும் ஆழப் பாயும்.

ஆயின் வலியதே சிறந்தது என்று முடிவு செய்துவிடலாகாது. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடுகள் நெருங்கி நின்ற இடங்கள் அவை. பகைவனைத் தவறவிட்ட பருத்த ரவை, பலகையைத் துளைத்து அடுத்த வீட்டுக் குழந்தையின் தொட்டில்வரை செல்லக்கூடும். அண்மையிலிருந்து சுட்டால் நுண்ரவையும் பலகையைத் துளைக்கும். ஆகவே, எந்தத் தோட்டா என்று எண்ணுபவன், குறிக்கு அப்பால் யார் உறங்குகிறார் என்பதையும் எண்ணியாக வேண்டும். அக்காலத் தோட்டாவின் உறை பெரும்பாலும் காகிதத்தால் ஆனது. நம் நாட்டு ஈரத்தில் அது ஊதிக் குழலுக்குள் நுழைய மறுக்கும். உலர்ந்த இடத்தில் பேணுவதும் காவலின் ஒரு கூறே.

இவை அனைத்தினும் கடினமான வினா, தோட்டாவை யார் கையில் கொடுப்பது என்பதே. மக்களிடம் கொடுத்தது காட்டுக்குள் போய்விடுமோ என்று ஆட்சி அஞ்சியது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்போர்க்கு மரண தண்டனை விதிக்கவும் அவசரகால விதிகள் இடமளித்தன. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு குண்டுகளும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில், 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசின் பரிவு வேண்டுகோளும் அவரைக் காக்கவில்லை.

ஒருவனுக்கு அரசே தோட்டாவைக் கொடுத்தது. மற்றொருவனுக்கு ஆறு குண்டுகள் தூக்குக் கயிறாயின. வேறுபாடு ஈயத்தில் இல்லை. ஆட்சி எவரை நம்பியது, எவரை ஐயுற்றது என்பதில்தான் இருந்தது. அவசரகால வரலாற்றைப் பயிலும் மாணவர்கள், போர்களையும் திட்டங்களையும் மட்டும் மனனம் செய்தல் போதாது. ஒரு சிறு தோட்டா எவர் கையில், எவர் ஒப்புதலோடு இருந்தது என்று கேட்டுப் பழகுதல் வேண்டும். அந்தக் கேள்வியில்தான் நம் முன்னோர் வாழ்ந்த அச்சமும் காட்டிய பொறுப்பும் ஒருங்கே புலப்படும்.