மஸ்கடைன் திராட்சை

மஸ்கடைன் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்கே உரிய திராட்சை இனம். தாவரவியல் பெயர் வைட்டிஸ் ரோட்டண்டிஃபோலியா. டெலவேர் முதல் ஃபுளோரிடா வரையிலும், மேற்கே டெக்சாஸ் வரையிலும் வெப்பமும் ஈரமும் மிகுந்த காடுகளில் மரங்களைப் பற்றிப் படர்கிறது. 1584இல் இங்கிலாந்திலிருந்து வால்டர் ராலி அனுப்பிய கப்பல்களில் வந்த ஆர்தர் பார்லோ, வட கரோலினாக் கரையில் அலை தொடும் இடம்வரை திராட்சை மண்டிக் கிடந்ததாக எழுதினார்.

பழைய ஆங்கில வழக்கில் மஸ்கடைன் என்றால் மஸ்கட் திராட்சையின் இனிப்பு ஒயின். குடியேறியவர்கள் அப்பெயரைக் காட்டுக்கொடிக்கும் வைத்தார்கள். ஆனால் மஸ்கட் ஐரோப்பியத் திராட்சை இனத்தைச் சேர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை அந்த மஸ்கட் வகைதான், மஸ்கடைன் அன்று.

மற்றத் திராட்சைகளுக்கு 38 குரோமோசோம்கள், மஸ்கடைனுக்கு 40. அதனால் இரண்டையும் கலப்பது கடினம். கலப்புக் கன்றுகள் பெரும்பாலும் மலடாகின்றன. இதன் பற்றுக்கம்பி கிளைப்பதில்லை. பட்டை நார்நாராக உரிவதில்லை. பழங்கள் பெரிய குலையாகத் தொங்காமல் சிறு கொத்துகளில் ஒவ்வொன்றாகப் பழுத்து உதிர்கின்றன. தோல் மிகத் தடிப்பானது. காம்பு இருந்த பக்கத்தை வாயில் வைத்து விரலால் அழுத்தினால் சதை வழுக்கி உள்ளே விழும். பலர் தோலையும் விதையையும் துப்பிவிடுவார்கள். துப்பும் தோலில்தான் மணமும் நிறமும் எலாஜிக் அமிலமும் நிறைந்திருக்கின்றன.

காட்டுக்கொடிகளில் ஆண், பெண் வேறு; ஆண்கொடி காய்ப்பதில்லை. பயிர் வகைகளில் சில பெண்பூ மட்டுமே பூக்கும். மற்றவை இருபால் பூ உடையவை. ஜார்ஜியாவில் உருவான ஃப்ரை, பெரிய பழம் தரும் சுப்ரீம் ஆகியவை பெண்வகைகள். பக்கத்தில் ஓர் இருபால் கொடி இல்லாவிட்டால் இவை பூத்தும் பயனில்லை. ஒயினுக்குப் பெயர்பெற்ற வெண்கல நிறக் கார்லோஸும் கருநிற நோபிளும் இருபால் வகைகள்.

எல்லாவற்றிலும் புகழ் வாய்ந்தது ஸ்கப்பர்நாங். வட கரோலினாவின் ஸ்கப்பர்நாங் ஆற்றின் பெயர் பெற்ற இவ்வகையின் பழம் வெண்கல நிறம் கொண்டது. தென்மாநில மக்கள் வெண்கல நிற மஸ்கடைன் எதையும் ஸ்கப்பர்நாங் என்றே சொல்வார்கள். ரோனோக் தீவின் மான்டியோவில் உள்ள ‘தாய்க்கொடி’ என்னும் ஸ்கப்பர்நாங் கொடியின் வயது ஏறக்குறைய 400 ஆண்டுகள் என்று கணிக்கப்படுகிறது. பால் காரெட் தயாரித்த, மதுவிலக்குக்கு முன் அமெரிக்காவெங்கும் விற்ற ‘வர்ஜீனியா டேர்’ ஒயினின் அடிப்படை ஸ்கப்பர்நாங்தான்.

உழவர்களுக்கு இதன் அருமை அதன் நோய் எதிர்ப்பில் இருக்கிறது. ஐரோப்பியக் கொடிகளைக் காயவைக்கும் பியர்ஸ் நோய், வேரைத் தின்னும் ஃபைலாக்சரா பூச்சி இரண்டையும் மஸ்கடைன் தாங்கி நிற்கும். தென்கிழக்கில் ஐரோப்பியத் திராட்சை பிழைக்காத நிலத்தில் இது செழிப்பதன் காரணம் இதுவே. பிரான்சில் அலென் பூக்கே என்ற ஆய்வாளர் பல தலைமுறைக் கலப்பின் வழியே இதன் சாம்பல் நோய் எதிர்ப்பு மரபணுவை ஒயின் திராட்சைக்குக் கொண்டுசென்றார்.