வினைமுதல் இல்லாத விதி: இந்தியப் பின்னிருக்கையும் இருக்கைப் பட்டையும்

இந்தியாவில் காரில் செல்வோர் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்று கூறுவது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 138ஆம் விதியின் மூன்றாம் உட்பிரிவு. அதன் ஆங்கில மூலத்தில் உள்ள தொடரமைப்பு கவனிக்கத்தக்கது. வாகனம் நகரும்போது ஓட்டுநரும், முன்னிருக்கையில் இருப்பவரும், முன்னோக்கி அமைந்த பின்னிருக்கைகளில் இருப்பவர்களும் பட்டை அணிந்திருப்பது உறுதிசெய்யப்பட வேண்டும் என்பதே அதன் பொருள். யாரால் உறுதிசெய்யப்பட வேண்டும்? விதி சொல்லவில்லை. செயப்பாட்டு வினையால் அமைந்த அந்தத் தொடரில் வினைமுதல் விடுபட்டிருக்கிறது.

சட்டமொழியில் இத்தகைய தொடர்கள் புதியன அல்ல. ஆனால் இந்த ஒரு விடுபாட்டுக்குள் இந்தியாவில் இருக்கைப் பட்டையின் வரலாறு பெருமளவு அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன். பட்டை எவ்வாறு இயங்க வேண்டும் என்ற கேள்விக்குப் பொறியியல் 1959இலேயே விடை கண்டுவிட்டது. அதை அணிவது யார் பொறுப்பு என்ற கேள்விதான் இன்றும் தீராமல் நிற்கிறது.

பட்டையின் தோற்றத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் 1885இல் எட்வர்ட் கிளாகார்ன் என்பவர் பாதுகாப்புப் பட்டை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் பட்டை முறையான ஆய்வுக்கு உட்பட்டது வானூர்தித் துறையில்தான். 1954 டிசம்பரில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், ஏவூர்தி விசையால் ஓடும் சறுக்கு வண்டியில் தன்னையே பட்டைகளால் பிணைத்துக்கொண்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டினார். ஒன்றரை நொடிக்கும் குறைவான நேரத்தில் அவ்வண்டி நின்றது. புவியீர்ப்பைப் போல் நாற்பது மடங்குக்கும் மேலான விசையைத் தாங்கி அவர் உயிருடன் இறங்கினார். மனித உடல் எளிதில் நொறுங்கும் பொருள் அன்று, அதை முறையாகப் பிணைத்துவைத்தால் பெரும் விசைகளையும் தாங்கும் என்பதை அச்சோதனை காட்டியது.

அக்காலத்துக் கார்களில் பட்டை அறவே இல்லாமல் இல்லை. இடுப்பை மட்டும் சுற்றும் இருமுனைப் பட்டை சில கார்களில் இருந்தது. அதன் பூட்டு வயிற்றின் நடுவில் அமர்ந்தது. மோதலின்போது மேலுடல் முன்னோக்கி மடிந்து தலை மோத, வயிற்று உறுப்புகள் பட்டையால் நசுங்கின. 1958இல் சுவீடனின் வோல்வோ நிறுவனத்தில் சேர்ந்த நில்ஸ் போலின், அதற்குமுன் சாப் நிறுவனத்தில் போர்விமானங்களின் வெளியேற்று இருக்கைகளை வடிவமைத்தவர். விமானி உயிருக்காக எத்தனை வார்களை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார். காரில் செல்பவரோ ஒரு நிமிடச் சிரமத்தையும் ஏற்கமாட்டார். அவர் எதிர்கொண்ட சிக்கல் இதுதான். ஆகவே ஒரே கையால், ஒரே அசைவில் பூட்டக்கூடிய பட்டையை அவர் வடிவமைத்தார். மார்பின் குறுக்கே ஒரு பகுதியும் இடுப்பின் குறுக்கே ஒரு பகுதியும் செல்லும். இரண்டும் இடுப்பின் பக்கவாட்டில், இருக்கையின் ஓரத்தில் ஒரு புள்ளியில் இணையும். 1959இல் இந்த மும்முனைப் பட்டை வோல்வோ கார்களில் வந்தது. அந்நிறுவனம் அதன் காப்புரிமையைத் தன்னிடமே முடக்கிவைக்காமல் பிற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 1967இல் போலின் சுவீடனின் 28,000 விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது: பட்டை அணிந்தவர்களில் எவரும் மணிக்கு 60 மைலுக்குக் குறைந்த வேகத்தில் நேர்ந்த விபத்துகளில் இறக்கவில்லை; அணியாதவர்கள் எல்லா வேகங்களிலும் இறந்திருந்தனர்.

இந்த முடிவின் பின்னுள்ள இயற்பியல் எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் உடலின் இயக்க ஆற்றல், ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழும் உடலின் ஆற்றலுக்குச் சமம். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் ஆனால் அவ்வுயரம் 25 மீட்டராகிறது. வாகனம் எதன்மீதாவது மோதி நிற்கும்போது உள்ளிருப்பவரின் உடல் நிற்பதில்லை. அது பழைய வேகத்திலேயே முன்செல்கிறது. அதை எவ்வளவு தொலைவுக்குள் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே உடல்மீது விழும் விசை அமைகிறது. வாகனத்தின் முன்பகுதி நசுங்குவதும் பட்டை சற்றே நீள்வதும் சேர்ந்து அரை மீட்டர் அளவு தொலைவைத் தந்தால், 50 கிலோமீட்டர் வேகத்தில் 60 கிலோ எடையுள்ளவர்மீது சராசரியாக ஏறத்தாழ 1,200 கிலோ எடைக்கு இணையான விசை செயல்படும். அது பெரும் விசைதான். ஆனால் தோள், மார்புக்கூடு, இடுப்பெலும்பு ஆகிய வலிய பகுதிகளில் பரவி இறங்குவதால் உடல் தாங்குகிறது. பட்டை இல்லாதவருக்கு அந்த அரை மீட்டர் கிடைப்பதில்லை. அவர் முன்னிருக்கையின் முதுகிலோ கண்ணாடியிலோ சில சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்படுகிறார். மடியில் வைத்திருக்கும் 10 கிலோ குழந்தை அந்த நொடியில் 200 கிலோ எடைபோல் இழுக்கும் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்துவைக்க இயலாது.

பிற்காலப் பட்டைகளில் மூன்று நுட்பங்கள் சேர்ந்தன. முதலாவது, பட்டையைச் சுருட்டிவைக்கும் சுருள். இயல்பான அசைவுக்குப் பட்டையை நெகிழவிடும் இது, வாகனம் திடீரென வேகமிழந்தாலோ பட்டை விரைந்து இழுக்கப்பட்டாலோ பூட்டிக்கொள்ளும். இரண்டாவது, முன்னிறுக்கி. மோதலை உணர்ந்த சில மில்லி நொடிகளில் சிறு வெடிமருந்தின் விசையால் இது பட்டையின் தளர்வை உள்ளிழுத்து உடலை இருக்கையோடு சேர்த்துப் பிடிக்கும். மூன்றாவது, விசை வரம்பி. மார்பெலும்பு முறியும் அளவுக்கு விசை ஏறும்போது, உள்ளிருக்கும் உலோகத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு பட்டையைச் சற்றே விட்டுக்கொடுக்கும். பிடிக்கவும் வேண்டும், உரிய நேரத்தில் விடவும் வேண்டும் என்பதே இந்த அமைப்பின் சாரம்.

தொழில்நுட்பம் இவ்வாறு முதிர்ந்தபோதும், மக்கள் தாமாக அதை அணிந்துவிடவில்லை. 1970 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், பட்டை அணிவதைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. அமெரிக்கா வேறு வழியில் முயன்றது. முன்னிருக்கையில் இருப்பவர்கள் பட்டையைப் பூட்டாவிடில் இயந்திரமே இயங்காத அமைப்பு 1974ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் வைக்கப்பட்டது. மக்களின் சினம் நாடாளுமன்றத்தை எட்டியது; அந்த ஆண்டிலேயே அக்கட்டாயம் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. பிரிட்டனில் 1983 ஜனவரி 31 முதல் முன்னிருக்கையில் பட்டை அணிவது கட்டாயமானது. 1991இல் அது பின்னிருக்கைப் பெரியவர்களுக்கும் விரிந்தது. பிரிட்டன் சட்டத்தின் வினைமுதல் நமக்கு முக்கியம். 14 வயதுக்குட்பட்டோருக்கு ஓட்டுநர் பொறுப்பு. அதற்கு மேற்பட்ட பயணி தமக்குத் தாமே பொறுப்பு.

இனி இந்தியாவுக்கு வருவோம். இங்கு கார் என்பது நெடுங்காலம் இரண்டு வகுப்பு மனிதர்கள் அமரும் வண்டியாக இருந்தது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில், முன்னால் அமர்ந்து ஓட்டுபவர் ஊழியர். பின்னால் அமர்ந்திருப்பவர் உரிமையாளரோ அதிகாரியோ. வெள்ளைத் துண்டு விரித்த பின்னிருக்கை, அரசு அதிகாரத்தின் அடையாளமாகவே ஆனது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே உரிமையாளரே ஓட்டுநராகும் பழக்கம் நடுத்தர வர்க்கத்தில் பரவியது. ஆயினும் பின்னிருக்கையே மதிப்பான இருக்கை என்ற எண்ணம் மறையவில்லை.

இருக்கைப் பட்டை வந்த வரிசையும் இந்தப் படிநிலையைத் தலைகீழாகத் தொடர்ந்தது. 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1994 மார்ச் முதல் தயாரிக்கப்படும் கார்களில் முன்னிருக்கைகளுக்குப் பட்டை கட்டாயமானது. பின்னிருக்கைக்கு 2002இல்தான் அது வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், பட்டை என்பது முன்னால் இருப்பவருக்கு உரியது என்ற பொருள் மக்கள் மனத்தில் படிந்துவிட்டது. பின்னிருக்கையில் பட்டை வந்தபோது, கூடுதல் பணம் கொடுத்துத் தைத்துப் போட்ட இருக்கை உறைகளுக்குக் கீழே அதன் பூட்டு புதைந்தது. இன்றும் வாடகைக் கார்களில் ஏறிப் பூட்டைத் தேடுபவர்கள் இதை அறிவார்கள்.

2014 ஜூன் 3 அன்று, அப்போதைய ஊரக வளர்ச்சி அமைச்சர் கோபிநாத் முண்டே டெல்லியில் நடந்த மோதலில் இறந்தார். அவர் பின்னிருக்கையில் இருந்தார். 2022 செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தார். காரில் இருந்த நால்வரில் பின்னிருக்கையில் இருந்த இருவரும் இறந்தனர்; முன்னிருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தனர். பின்னிருந்தவர்கள் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. அந்தக் காரை ஓட்டியவர் ஊழியர் அல்லர். அது நண்பர்களின் பயணம். எனவே முதலாளி–ஊழியர் உறவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த உறவில் பிறந்த பழக்கம், அந்த உறவு இல்லாத இடத்திலும் தொடர்கிறது என்று சொல்லலாம்.

இது சில புகழ்பெற்றவர்களின் கதை மட்டும் அன்று. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் பட்டை அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். இவர்களில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. ஏறக்குறைய சரிபாதி.

மிஸ்திரியின் மறைவுக்குப் பின் பின்னிருக்கைப் பட்டை பற்றிய பேச்சு எழுந்தது. எச்சரிக்கை ஒலியை ஏமாற்றுவதற்காகப் பூட்டில் செருகும் சிறு உலோகக் கொக்கி அப்போது கவனத்துக்கு வந்தது. 2019 ஜூலை முதல் முன்னிருக்கைகளுக்கு எச்சரிக்கை ஒலி கட்டாயமாகியிருந்தது. அதை அடக்கவே இந்தக் கொக்கி. 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு ஆணையிட, 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. அமெரிக்கர்கள் 1974இல் நாடாளுமன்றத்தின் வழியே செய்ததை, நாம் ஒரு கொக்கியின் வழியே ஓசையின்றிச் செய்துகொண்டோம்.

மீண்டும் அந்த வினைமுதலுக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194ஆ பிரிவைச் சேர்த்தது. முன்பு 100 ரூபாயாக இருந்த தண்டம் 1,000 ரூபாயானது. விதியில் மறைந்திருந்த வினைமுதலும் இங்கே வெளிப்பட்டது: பட்டை அணியாமல் ஓட்டுபவர், அல்லது பட்டை அணியாத பயணிகளை ஏற்றிச் செல்பவர். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இதே அமைப்பு. குழந்தைகளைப் பொறுத்தவரை இது நியாயமே. ஆனால் வளர்ந்த பயணி இத்தொடரில் செயப்படுபொருளாக மட்டுமே வருகிறார்; அவர் ஏற்றிச் செல்லப்படுகிறார். மாதச் சம்பளத்துக்கு ஓட்டும் ஒருவர், பின்னால் அமர்ந்து கைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் தன் முதலாளியிடம், “ஐயா, பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வண்டியை எடுக்கமாட்டேன்” என்று சொல்ல வேண்டும் எனச் சட்டம் எதிர்பார்க்கிறது. சொல்லாவிட்டால் தண்டம் அவருக்கு. சொன்னால் வேலை என்னவாகும் என்பது சட்டத்தின் கவலை அன்று. விபத்து நேர்ந்தால், பின்னாலிருந்து கட்டின்றிப் பாய்ந்து வரும் உடல் முன்னிருக்கையையும் அதில் பட்டையோடு இருப்பவரையும் சேர்த்தே நசுக்கும். தான் கட்டளையிட முடியாத ஒருவரின் அலட்சியத்துக்கு அந்த ஓட்டுநர் பணத்தாலும் உடலாலும் ஈடுகட்டுகிறார்.

நம் பேச்சுவழக்கும் இதற்கு உடந்தை. ‘பட்டை அணிதல்’ என்ற தொடரில் வரும் வினை, நகைக்கும் உடைக்கும் நாம் வழங்குவது. அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம் என்ற தொனி அதில் ஒட்டியிருக்கிறது. கதவைப் ‘பூட்டுவது’ போலப் பட்டையையும் ‘பூட்டுவது’ என்று சொல்லிப் பழகினால், வண்டி புறப்படுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை என்ற பொருள் முன்னுக்கு வரும். சொல்லால் மட்டும் உயிர் காக்க முடியாது. ஆயினும் ஒரு செயலை யார் செய்ய வேண்டியவர் என்று மொழி காட்டும் திசையில்தான் சட்டமும் பழக்கமும் நடக்கின்றன.

வளர்ந்த பயணியை அவர் செயலுக்கு அவரே வினைமுதலாக்கும் ஒரு சிறு திருத்தம் சட்டத்துக்குத் தேவை. பிரிட்டன் அதைச் செய்திருக்கிறது, நாமும் செய்யலாம். அது வரும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. பின்னிருக்கை உறைக்கு அடியில் புதைந்த பூட்டை வெளியே எடுத்து வையுங்கள். பட்டை முறுக்கிக்கொள்ளாமல், கீழ்ப்பகுதி வயிற்றின்மீது அல்லாமல் இடுப்பெலும்பின்மீது படியுமாறு இழுத்துச் சரிசெய்யுங்கள். கருவுற்றவர்களுக்கு அது வயிற்றுக்குக் கீழே செல்ல வேண்டும். சாய்ந்து சரிந்து அமர்ந்தால் உடல் பட்டைக்கு அடியில் நழுவிவிடும். ஓரம் நைந்த பட்டையையும், கடும் மோதலில் ஒருமுறை விசை தாங்கிய பட்டையையும் மாற்றிவிடுங்கள். நீண்டு விட்டுக்கொடுக்கும் அதன் திறன் அந்த ஒரு முறையிலேயே செலவாகிவிடுகிறது.

அடுத்த முறை பின்னிருக்கையில் அமரும்போது, ஓட்டுநர் கேட்பதற்கு முன்பே பூட்டிக்கொள்ளுங்கள். அவர் கேட்க முடியாத நிலையில் இருக்கிறார் என்பதே அதற்குப் போதுமான காரணம்.