மூடிய குடை

மழை ஓய்ந்து வீட்டுக்குள் நுழைகின்றவர் குடையை மடக்குவதைக் கவனித்துப் பாருங்கள். தண்டின்மேல் ஏறியிறங்கும் குழலைக் கீழே இழுக்கிறார். கைப்பிடிக்கு அருகே 'டக்' என்று ஓர் ஓசை கேட்கிறது. பிறகு ஈரத்துணியைத் தண்டோடு சுற்றி, அதில் தைத்திருக்கும் சிறு வாரை இழுத்துப் பொத்தானில் மாட்டுகிறார். சுவர் மூலையில் சாத்திவிட்டுப் போய்விடுகிறார். இவ்வளவும் ஒரு நொடியில் முடிந்துவிடுவதால் இதில் எண்ணிப் பார்க்க ஏதுமில்லை என்றே நாம் கருதிவிடுகிறோம்.

குடையைப் பற்றிப் பேசியவர் எல்லாரும் விரித்த குடையைப் பற்றியே பேசினர். வேந்தனின் வெண்கொற்றக்குடை குடிகளுக்கெல்லாம் நிழல் தருவதாகப் புலவர் பாடினர். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று பழமொழி எள்ளியதும் விரித்த குடையைத்தான். ஆனால் குடையின் வாழ்நாளில் பெரும்பகுதி மூடிய நிலையிலேயே கழிகிறது. மூடிய குடையை மூடியபடியே வைத்திருப்பது எது என்ற கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தபோது நமக்குப் புலப்பட்டது இது: அந்தக் கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடை, குடையைச் சுமந்தவன் யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

நம் நாட்டு ஓலைக்குடையிலும் தாழங்குடையிலும் இந்தக் கேள்வி எழவே இல்லை. அவை மடங்கா. மூங்கிற் காம்பின் உச்சியில் ஓலையை வட்டமாகப் பரப்பிக் கட்டினால் குடை ஆயிற்று. வேலை முடிந்ததும் தாழ்வாரத்தில் அப்படியே மாட்டிவிடலாம். மடங்கும் குடையில்தான் தொல்லை தொடங்குகிறது. விரிந்து நிற்கத் துணிந்த கம்பிகளை ஒடுக்கி வைக்கவேண்டும். ஒடுங்கியவை தாமாக விரியாதபடி பிடித்து வைக்கவும் வேண்டும்.

இதைப் பற்றி நாம் அறிந்த மிக விரிவான பழைய வருணனை எகிப்து நாட்டிலிருந்து கிடைக்கிறது. ஹிஜ்ரி 358 (கி.பி. 969) முதல் 567 (கி.பி. 1171) வரை எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய்யா கலீஃபாக்கள் பவனி வரும்போது அவர்தம் தலைக்குமேல் 'மிழல்லா' என்னும் குடை பிடிக்கப்பட்டது. அந்த ஆட்சியின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த இப்னுத் துவைர் அதனை நுணுக்கமாக எழுதி வைத்தார். அவருடைய நூல் முழுமையாக நம் கைக்கு எட்டவில்லை. ஆயினும் கல்கஷந்தீ, மக்ரீஸீ போன்ற பிற்கால அறிஞர்களின் நூல்கள் வழியாக அந்தச் செய்திகள் பிழைத்திருக்கின்றன.

பன்னிரண்டு துணிப் பட்டைகளை இணைத்துத் தைத்த குடை அது. ஒவ்வொரு பட்டையும் அடியில் ஒரு சாண் அகலம்; நீளமோ மூன்று முழமும் மேலே மூன்றில் ஒரு பங்கும்; நுனிக்குப் போகப்போக ஊசிபோல் குறுகிச் சென்று எல்லாம் தண்டின் உச்சியில் ஒரு வளையத்தில் கூடும். கணக்கிட்டுப் பார்த்தால், அடிச்சுற்றளவு பன்னிரண்டு சாண்தான். ஆகவே அது நம் குடையைப் போல் அகன்று கவிந்திருக்க இயலாது. உயர்ந்து ஒடுங்கிய கூடாரம்போல் நின்றிருக்கவேண்டும். ஒரு தலைக்கு மட்டுமே நிழல் தரும் குடை. உச்சியில் மாதுளங்கனி வடிவில் மணிகள் பதித்த பொற்குமிழ். கலீஃபா அன்று அணியும் ஆடை எந்த நிறமோ குடையும் அந்த நிறம்.

நம் கருத்தைக் கவர்வது இந்த ஆடம்பரம் அன்று. துணிக்கு அடியில் பட்டைக்கு ஒன்றாக மரத்தாலான விலாச்சட்டங்கள் இருந்தன. அவற்றுக்குப் பொன் தகடு போர்த்தியிருந்தனர். அந்தச் சட்டங்களில் மெல்லிய கொக்கிகளும் வளையங்களும் இருந்தன என்றும், அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்றும், அவற்றால் குடை ஒடுங்கவும் விரியவும் செய்யும் என்றும் அந்த வருணனை கூறுகிறது. குடையின் விலாக்களைத் தத்தம் இடத்தில் நிறுத்தி வைக்கும் பொறியை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்ணால் கண்டு எழுதி வைத்திருக்கிறார்! அரண்மனைப் பொற்கொல்லனின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவன் செய்த கொக்கி எழுத்தில் தங்கிவிட்டது.

ஆனால் ஒன்று. அந்தக் கொக்கிகளை மாட்டியதும் கழற்றியதும் கலீஃபாவின் கை அன்று. ஹிஜ்ரி ஆண்டின் முதல் நாளில் பவனி புறப்படும்போது, குடை துணியில் சுற்றப்பட்ட நிலையில் வெளியே கொண்டுவரப்படும். குடை தாங்கும் பதவி அமீர்களுள் ஒருவருக்கு உரிய பெரும்பதவி. அவர் சுற்றுத்துணியை நீக்கிக் குடையைக் கையேற்கும்போது, அந்தப் பணிக்கென்றே அமைந்த ஸக்லபிய்யர் நால்வர் துணை நிற்பர். அவருடைய வலது அங்கவடியோடு கொம்புபோன்ற ஓர் இரும்புக் கருவி இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். தண்டின் அடி அதில் ஊன்றப்படும். கலீஃபாவின்மேல் விழும் நிழல் விலகாதபடி பார்த்துக்கொள்வது அமீரின் கடமை. புயற்காற்றிலும் அந்தக் குடை தடுமாறியதாக ஒருநாளும் சொல்லப்பட்டதில்லை என்று பெருமையோடு எழுதியிருக்கிறார்கள். குடையொன்று, அதைத் திறக்கவும் தாங்கவும் ஐவர். மூடிய குடையை மூடியபடி வைத்திருந்தது ஒரு சுற்றுத்துணியும் ஓர் ஊழியர் கூட்டமுமே. கொக்கிகள் எவ்வளவு நுட்பமானவையாயினும், ஒற்றைக் கையால் இயங்கவேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இருக்கவில்லை.

ஃபாத்திமிய்யாக்களுக்குப் பின் மம்லூக் சுல்தான்களும் இந்த மரபைக் கைவிடவில்லை. உச்சியில் பறவை அமர்ந்த மஞ்சள் பட்டுக்குடை அவர்களுடையது. 'சத்ர்' என்ற பாரசீகச் சொல்லால் அது அரபுலகில் வழங்கியது. அந்தச் சொல்லின் வேர் நம் நாட்டுச் 'சத்திரம்' என்னும் வடசொல்லே.

அரசனின் தலையிலிருந்து குடை பொதுமக்கள் கைக்கு இறங்கிய கதை ஐரோப்பாவில் நடந்தது. பாரிஸ் நகரில் ழான் மாரியுஸ் என்பவர் மடக்குக் குடை ஒன்றைச் செய்து, 1710இல் பதினான்காம் லூயி மன்னரிடம் ஐந்தாண்டுத் தனியுரிமை பெற்றார். தண்டு துண்டு துண்டாகக் கழலும். விலாக்கள் கீலில் மடங்கும். எல்லாம் ஓர் உறைக்குள் அடங்கும். இவர் தொழிலால் பணப்பை செய்பவர் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. குடையை மூடி வைப்பது எப்படி என்று பை தைப்பவரைக் கேட்டால், பைக்குள் போடு என்றுதானே சொல்லுவார்!

லண்டனில் இந்தக் கதை வேறு விதமாகச் சென்றது. ஜோனாஸ் ஹான்வே என்ற வணிகர் 1743ஆம் ஆண்டிறுதியில் பாரசீகம் சென்றார். அஸ்தராபாத்தில் கலகக்காரர்கள் அவருடைய சரக்கைப் பறித்துக்கொள்ள, நாதிர் ஷாவின் பாசறைவரை போய் முறையிட்டு ஈடு பெற ஆணை வாங்கினார். தாயகம் திரும்பியபின், 1750ஐ ஒட்டி, லண்டன் தெருக்களில் குடை பிடித்து நடக்கத் துணிந்த ஆடவர் இவரே. பாரசீகத்தில் கண்ட பழக்கம் அது என்பாரும் உண்டு. குடை அக்காலத்தில் பெண்களுக்கு உரியது என்று கருதப்பட்டதால் தெருவில் ஏளனம் எழுந்தது. வாடகை வண்டிக்காரர்கள் வெளிப்படையாகவே பகைத்தனர். மழை பெய்தால்தானே அவர்களுக்குச் சவாரி! 1786இல் அவர் இறக்கும்வரை குடையை விடவில்லை.

ஹான்வேயைவிட நம் மனத்தில் நிற்பவர் ஜான் மக்டொனால்ட். இவர் செல்வர் வீடுகளில் பணிபுரிந்த ஏவலாள். தம் வரலாற்றைத் தாமே எழுதி 1790இல் வெளியிட்டவர். 1770களில் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த பட்டுக்குடையோடு லண்டனில் நடந்தபோது, பிரெஞ்சுக்காரனே, வண்டி பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று தெருவார் கேலி செய்ததை அவர் எழுதியிருக்கிறார். காய்ரோவில் குடையை ஏந்தியவன் பிறனுக்காக ஏந்தினான். இங்கே ஓர் ஏவலாள் தனக்காகக் குடை பிடிக்கிறான். அதை விரிக்கவும் மடக்கவும் அவனுக்கு வேறு ஏவலாள் யார்?

அந்நாளைய ஆங்கிலக் குடை எளிதில் ஆளக்கூடியதன்று. விலாக்கள் பிரம்பு அல்லது 'திமிங்கில எலும்பு'. உண்மையில் அது எலும்பே அன்று. திமிங்கிலத்தின் மேல்வாயிலிருந்து தொங்கும், நகத்தைப் போன்ற தகடு. நனைந்தால் விறைப்பிழக்கும், கவனமின்றி உலர்த்தினால் வெடிக்கும். மேலே எண்ணெய் பூசிய பட்டு அல்லது பருத்தித் துணி. மூடினாலும் பருத்து நிற்கும் சுமை அது. இத்தகைய குடையின் உச்சியில் ஒரு வளையம் இருந்தது. மடக்கியபின் அந்த வளையத்தை விரலில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுச் செல்வர்.

இந்த வளையத்தில்தான் நம் கேள்விக்குரிய திருப்பம் ஒளிந்திருக்கிறது என்பது நம் கருத்து. உச்சியைப் பிடித்துத் தொங்கவிட்டால் விலாக்களின் நுனிகள் கீழ்நோக்கி நிற்கும். அவற்றின் சொந்த எடையே அவற்றைத் தண்டோடு ஒட்ட வைக்கும். நீரும் நுனி வழியே சொட்டிவிடும். பிற்காலத்தில் ஆடவர் குடையைக் கைத்தடிபோல் ஊன்றி நடக்க விரும்பினர். கைப்பிடி மேலே, முனை தரையில் என்று நிலை மாறிற்று. அப்போது விலா நுனிகள் மேல்நோக்கின. முன்பு மூடி வைத்த அதே எடை இப்போது விலாக்களை வெளியே சாய்க்கலாயிற்று. கட்டி வைக்க ஒன்று தேவைப்பட்டது. வாரும் பொத்தானும் அந்தத் தேவைக்கு விடை.

கட்டாத குடையின் கோலத்தை உலகுக்குக் காட்டியவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1843-44இல் அவர் எழுதிய 'மார்ட்டின் சஸில்விட்' நாவலில் கேம்ப் அம்மையார் என்றொரு தாதி வருகிறாள். அவளுடைய பெருத்த குடை படுத்தும் பாட்டைப் படித்துச் சிரித்த ஆங்கிலேயர், உப்பிய குடைக்கே 'கேம்ப்' என்று பெயர் வைத்துவிட்டனர்.

குடையின் உடலை இளைக்கச் செய்தவர் சாமுவேல் ஃபாக்ஸ். கம்பி இழுக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, 1842இல் ஷெஃபீல்டுக்கு அருகேயுள்ள ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் ஒரு பழைய ஆலையில் தம் தொழிலை நிறுவியவர். எஃகு விலாக்கள் அவருக்கு முன்பே முயலப்பட்டன. 1852இல் அவர் தனியுரிமை பெற்ற 'பாரகன்' சட்டத்தின் சிறப்பு கம்பியின் குறுக்குவெட்டில் இருந்தது. உருண்டைக் கம்பிக்குப் பதிலாக, பள்ளமான ஓடைபோல் வளைத்த மெல்லிய எஃகு. ஓடைபோல் வளைந்த தகடு எளிதில் வளையாது என்பதைத் தென்னை மட்டையை வளைத்துப் பார்த்தவர் அறிவர். ஆகவே குறைந்த எஃகில் மிகுந்த வலிமை. அதோடு, குடையை மூடும்போது தாங்குகம்பி விலாவின் பள்ளத்துக்குள் ஒடுங்கிப் படுத்துக்கொள்ளும். பருத்த மூட்டையாக இருந்த மூடிய குடை கைத்தடியளவு மெலிந்தது இப்படித்தான்.

மெலிந்த குடைக்கு நேர்த்தியான பூட்டும் வந்து சேர்ந்தது. தண்டில் ஒரு பிளவு. அதற்குள் முக்கோணமாக வளைத்த ஒரு சிறு வில். குழல் கீழிறங்கும்போது வில்லை அமுக்கிக் கடக்கும். கடந்ததும் வில் எழுந்து குழலின் துளையைப் பற்றிக்கொள்ளும். நாம் கேட்கும் 'டக்' ஓசை இதுதான். ஆனால் இந்த வில் குழலைத்தான் நிறுத்தும். விலாக்களின் நுனிகளை அன்று. அவை சற்றே அசைந்துகொண்டும் துணியைக் கிழித்துக்கொண்டும் இருக்கும். அதற்கென்று வந்ததுதான் நுனிக்கிண்ணி. கைப்பிடிக்குச் சற்று மேலே தண்டைச் சூழ்ந்து ஓர் உலோகக் கிண்ணம். மூடிய குடையின் எட்டு நுனிகளும் அதன் விளிம்புக்குள் போய் அமர்ந்துகொள்ளும். பிறகு அவை எங்கும் விலகா. உடையிலும் பிறர் கண்ணிலும் குத்தா. தேர்ந்த கைவினைஞர் செய்யும் குடைகளில் இன்றும் இதைக் காணலாம். அணிகலன்போல் பளபளப்பதால் பலர் இதை வெறும் அழகுக்கென்று எண்ணிவிடுகின்றனர்.

இதற்கும் குறை இல்லாமல் இல்லை. நனைந்த குடையை முனை கீழாகச் சாத்தும்போது நீர் நுனியைவிட்டு உச்சிக்கு ஓடுகிறது. விலாக்களை எல்லாம் ஒன்றாகக் கோத்த மெல்லிய கம்பி அங்கேதான் இருக்கிறது, துருப்பிடிப்பதும் அங்கேதான். மழைக்காலத்தில் 'குடை ரிப்பேர்' என்று கூவி வரும் தொழிலாளி முதலில் உச்சியைத் தடவிப் பார்ப்பதன் காரணம் இதுவே. பழைய வளையக் குடைக்கு இந்த நோய் இல்லை.

1928இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஹௌப்ட் என்பவர் தண்டு உள்ளொடுங்கும் குட்டைக் குடைக்குத் தனியுரிமை பெற்றார். 'க்னிர்ப்ஸ்' என்ற பெயரில் அது புகழ்பெற்றது. பின்னாளில் பொத்தானை அழுத்தினால் தானே விரியும் குடையும் பரவியது. அதன் தண்டுக்குள் இருக்கும் சுருள்வில் எப்போதும் விரியத் துடித்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது சிறுவிரல் நகமளவான ஒரு கொளுவி. காய்ரோவில் நால்வர் துணை நின்று செய்த பணியை அந்தக் கொளுவி ஒன்றே செய்கிறது. அது தேய்ந்துவிட்டால் பேருந்து நெரிசலில் என்ன நிகழும் என்பதை அனுபவித்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இதை எழுதும் மேசையருகே நம் குடை சாத்தியிருக்கிறது. அதற்கு நுனிக்கிண்ணி இல்லை. வார் இருக்கிறது; பொத்தான் சென்ற ஐப்பசியிலேயே அறுந்து போயிற்று. இப்போதைக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறோம்.