காசிச்செட்டி முதல் கணினி நூலகம் வரை

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில், ஒருபுறம் புத்தளக் களப்பும் மறுபுறம் சமுத்திரமும் நெருக்க, தென்னந்தோப்புகளினூடே அமைந்த எத்தாளையைக் கடந்து போவோரில், இந்தக் கற்பிட்டிக் குடாநாடு தமிழ் நூற்சரித்திரத்துக்குச் செய்த தொண்டை நினைப்போர் மிகச் சிலரே. 1807 இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் இலங்கை முழுமைக்குமான இடவிவரத் திரட்டொன்றையும், 1859 இல் ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் சரிதங்களைத் தொகுத்த ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலையும் வெளியிட்டார். அச்சுப் புஸ்தகங்களே அருகியிருந்த அக்காலத்தில் தனியொருவர் செய்த பணியில் பிழைகள் புகுந்தமை வியப்பன்று. வியப்பு யாதெனில், தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு அந்நூல் கொழும்பில் மறுபதிப்பாக வெளிவர 1946 வரை, அதாவது 87 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்ததே.

நூலகங்கள் கணினிக்கு மாறிய பின்பும் இத்தாமதம் வேறு வடிவில் தொடர்ந்தது. விலைக்கு வாங்கிய நூலக நிர்வாக நிரலில் குறையொன்று கண்டால், விற்றவர் மனம் வைக்கும்வரை நூலகர் பொறுத்திருக்க வேண்டும். 1999 இல் நியூசிலாந்தின் ஹொரோவெனுவா என்னும் கரையோரப் பிரதேசத்து நூலக அறக்கட்டளை, தன் பழைய நிரல் 2000ஆம் ஆண்டைத் தாங்காதென அறிந்து, கட்டிப்போ என்னும் சிறு நிறுவனத்தைக் கொண்டு புதியதொன்றை எழுதுவித்து, மறு ஜனவரியிலேயே பிரயோகத்துக்குக் கொணர்ந்ததோடு அமையாது, அதன் மூலநிரலையும் உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டது. அதுவே கோஹா. எந்த நூலகமும் அதை விலையின்றி எடுத்தாளலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். பிற்காலத்தில் ஓர் அமெரிக்க நிறுவனம் நியூசிலாந்தில் அப்பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொள்ள முயன்றபோது, பல தேசத்து நூலகர்களும் வழக்குச் செலவுக்குப் பணம் அனுப்பினார்கள். 2013 இல் அந்நிறுவனத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சம்பளக்காரர் என்று நாம் எண்ணியிருக்கும் நூலகர் வர்க்கத்திடம் இத்தகைய வீறு இருந்தது எனக்கு மிகுந்த திருப்தி தருகிறது.

1981 இல் சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த தேசத்தில், பிரதிகளைப் பெருக்குவதன் அவசியத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. 2005 தைப்பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்துக்கு, விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி என்ற திறந்த மூல நிரலே அடித்தளமாயிற்று. ஒரு நூலுக்குரிய பக்கத்தில் நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் எனக் கிரமமாக நிரை வகுத்திருக்கும். அந்நிரலில் ஒவ்வொரு மாற்றமும், யார் எப்போது செய்தது என்ற விவரத்துடன், பழைய வாசகம் அழியாமலே பதிவாகும். காசிச்செட்டிக்கு வாய்க்காத வசதி இது.

ஆயினும் உழைப்பு குறைந்துவிடவில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் குடியேறினார்கள்; அத்தகையோரின் பாடசாலை மலர்களும் பள்ளிவாசல் அறிக்கைகளும் கல்யாண வாழ்த்து மடல்களும் எந்த வீட்டு அலுமாரியில் இருக்கின்றன என்பது அந்தந்த ஊராருக்கே தெரியும்; அவற்றைக் கேட்டு வாங்கி, தாள் தாளாக ஒளிவருடி, பெயரும் ஆண்டும் எழுதிச் சேர்க்கும் வேலையை அவர்களே செய்தாக வேண்டும்.