துடைப்பமும் அடுப்பும் சொல்லும் வரலாறு

சீனப் பெருநாளைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கூறும்பொழுது, சிவப்பு உறையோடும் சிங்க நடனத்தோடும் நாம் நிறுத்திக்கொள்கிறோம். எனக்கோ அதன் துடைப்பமே பெரிதாகத் தோன்றுகிறது.

ஆண்டின் கடைசி மாத இறுதியில், அடுப்படித் தெய்வத்திற்கு இனிப்புப் படைத்து விண்ணுலகுக்கு வழியனுப்பிவிட்டு, ஒட்டடை அடித்து வீட்டைத் தூய்மைப்படுத்துவது சீனர் மரபு. (நமது போகி நினைவுக்கு வருகிறதல்லவா?) புத்தாண்டின் முதல் நாளன்று பெருக்கினால் செல்வமும் சேர்ந்து வெளியேறிவிடும் என்பது நம்பிக்கை. ஆதலால் எல்லாம் முன்னரே முடிந்தாக வேண்டும். முந்தின இரவு குடும்பம் கூடி உண்ணும் விருந்தில் முழு மீன் இடம்பெறும். சீன மொழியில் 'மீன்', 'மிகுதி' ஆகிய இரு சொற்களும் ஒரே ஒலியுடையவை.

இப்பெருநாளை அரசுகள் சும்மா விட்டுவைக்கவில்லை. 1912இல் சீனக் குடியரசு ஆங்கில நாள்காட்டியை ஏற்றது. 1914இல் பழைய புத்தாண்டுக்கு 'வசந்த விழா' எனப் பெயர் சூட்டப்பட்டது. 1928இல் கோமிந்தாங் அரசு அதனை ஒழிக்க முற்பட்டு, 1934இல் பின்வாங்கியது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், 1967இல், விடுமுறையே நீக்கப்பட்டது, 1980இல்தான் மீண்டது. இத்தனைக்குப் பிறகும் வழக்கம் அழியாமைக்கு, அது அடுப்படியில் வாழ்ந்ததே காரணம் என்பது என் கருத்து. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இதனைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்த பெருநாளுக்கு முன், அண்டை வீட்டுச் சீனப் பாட்டி அன்றிரவு என்ன சமைப்பார் என்று கேட்டுவருமாறு என் மாணவர்களிடம் சொல்ல எண்ணியுள்ளேன்.