ஜாதகத்தோடு ஒரு ரத்தச் சோதனை

வரன் பகுதியைப் புரட்டும் நம் அங்கத்தினர்கள் முதலில் பார்ப்பது கோத்திரம். பிறகு நக்ஷத்திரம், படிப்பு, சம்பளம். ரத்தத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, யாரும் எழுதுவதுமில்லை. ஆனால் ரத்தத்தையும் விவாகத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த சரித்திரம் ஒன்று இந்த மும்பையில் எழுபது வருஷங்களுக்கு மேலாக உண்டு. அதில் ஓர் அத்தியாயம் நான் குடியிருக்கும் கோவண்டியில் எழுதப்பட்டது.

கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1956ல் இந்திய அரசு, ஐ.நா. சபை, டாடா அறக்கட்டளை ஆகியவற்றின் ஆதரவில் தொடங்கியது. காய்கறி வாங்கப் போகிறவர்கள் அதன் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். தேசிய குடும்பநல ஆய்வை நடத்துவது இந்த நிறுவனம்தான். 1992-93ல் நடந்த முதல் சுற்றிலேயே, கல்யாணத்துக்கு முன் கணவர் உங்களுக்கு உறவா என்று பெண்களைக் கேட்டார்கள். 2019-21ல் நடந்த ஐந்தாம் சுற்றின்படி நாடு முழுவதும் சுமார் 11 சதவிகிதத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை, தமிழ்நாட்டில் 28.

நமக்கு இது புதிய சமாசாரமல்ல. பௌதாயன தர்ம சூத்திரம் தென்னாட்டாரின் தனி வழக்கங்களைச் சொல்லுமிடத்தில், மாமன் பெண்ணையும் அத்தை பெண்ணையும் மணப்பதைக் குறிப்பிடுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் மாதவாசாரியர் பராசர மாதவீயத்தில் அந்த வழக்கத்துக்காக வாதாடினார். கோத்திரம் தகப்பன் வழியாக மட்டும் போவது. இருபது தலைமுறைக்கு அப்பால் பிரிந்த ஸகோத்திரக்காரரை அது விலக்கும். பாட்டி வீட்டில் கூட வளர்ந்த அம்மங்காளையோ அத்தங்காளையோ தடுக்காது. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாகக் கொண்டவர்கள். மாமனும் மருமாளும் என்றால் நாலில் ஒரு பங்கு.

இனி ரத்தத்துக்கு வருவோம். 1952ல் பரேலில் உள்ள சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் சகாக்களும் 'லான்செட்' பத்திரிகையில் ஒரு விசித்திர ரத்த வகையை அறிவித்தார்கள். சாதாரணச் சோதனையில் ஓ வகை போலத் தெரியும். ஆனால் ஓ ரத்தம்கூட அவர்களுக்குச் சேராது. உலகம் இதற்கு 'பம்பாய் வகை' என்றே பெயர் வைத்தது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் இது வெளிப்படும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் தெரியாது. அவர் அதைச் சுமந்துகொண்டு சௌக்கியமாக இருப்பார். டாக்டர்கள் 'கேரியர்' என்று சொல்வது இவரைத்தான். 1962ல் எச்.எம். பாட்டியாவும் எல்.டி. சங்வியும் பம்பாய் வகைக்கும் உறவு விவாகத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு முன்பே, 1956ல், இந்நகரத்தின் பன்னிரண்டு அகமணச் சமூகங்களில் உறவுத் திருமணம் எவ்வளவு என்று சங்வி குழுவினர் கணக்கெடுத்திருந்தார்கள்.

அந்த சங்வியே 1966ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் மணந்ததால் தென்னாட்டில் கெட்ட மரபணுக்கள் பெரும்பாலும் கழிந்துபோயிருக்கலாம். 1970களில் வேலூர் சி.எம்.சி.யின் ராவும் இன்பராஜும் வட ஆற்காட்டில் பெரிய அளவில் ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த அளவு தீங்கு தென்படவில்லை. நம் பெரியவர்கள் காதில் தேன் பாயும்! ஆனால் அது சராசரிக் கணக்கு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்து 2013ல் வெளிவந்த ஆய்வில், பிறவிக் குறை சாதாரணமாக நூற்றுக்கு மூன்று என்றால் நெருங்கிய உறவுத் தம்பதிகளின் குழந்தைகளில் ஆறு என்று கண்டார்கள். நூற்றில் 94 குழந்தைகள் நன்றாகப் பிறக்கின்றன என்பதும் இதே கணக்குதான். இருவரும் ஒரே மரபணுவைச் சுமக்கும் தம்பதிக்கோ, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அவர்களுக்கு ஊர்ச் சராசரியால் என்ன பயன்?

உறவில்லாத வரன் என்றால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்களும் 2017ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியச் சமூகங்கள் பலவும் சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகி, உள்ளுக்குள்ளேயே மணந்து வந்தவை என்று தெரிந்தது. வடமா வடமாவையே, பிருஹச்சரணம் பிருஹச்சரணத்தையே என்று தேடிய நாம், உறவு மறந்துபோன உறவினரைத்தான் பலமுறை மணந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

செம்பூரில் பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்காக முகாம் அமைந்தது. சிந்தி, பஞ்சாபி, லோஹாணா சமூகங்களில் தலசீமியா அதிகம். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தைகளை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் சோதனை என்ற பேச்சு அங்கே புதிதல்ல. நாமோ, அது நமக்கு வராது என்கிறோம். இந்தியாவில் சராசரியாக நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் தலசீமியா கேரியர்கள். நம் பிள்ளைகளும் இப்போது எல்லாச் சமூகங்களிலும் மணக்கிறார்கள். கேரியருக்குச் சிவப்பணு சிறுத்திருக்கும். இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் உண்டு. ஹீமோகுளோபின் ஏ2 என்ற அளவு பொதுவாக 3.5 சதவிகிதத்தைத் தாண்டினால் விஷயம் தெரிந்துவிடும்.

தெரிந்தபின் என்ன நடக்கிறது என்பதுதான் கஷ்டமான பகுதி. எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு இந்த முடிவு வந்தது. பிள்ளைக்குச் சோதனை செய்ததில் அவன் கேரியரே அல்ல. நோயுள்ள குழந்தை பிறக்க வழியில்லை. இருந்தும் பிள்ளை வீட்டார் 'ரத்தத்தில் தோஷம்' என்று விலகிவிட்டார்கள். செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் சொல்வார்கள்!

கிரேக்க நாட்டில் ஆர்கோமெனோஸ் என்ற ஊரில் 1970களில் இதே கதை. அரிவாள்செல் சோகைக்கு ஊரையே சோதித்து முடிவைச் சொன்னார்கள். கேரியர்களுக்குக் களங்கம் சேர்ந்தது. சிலர் மறைத்தே மணந்தார்கள். கேரியரும் கேரியரும் மணப்பது குறையவில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் யூத குரு ஜோசப் எக்ஸ்டைன் வேறு வழி கண்டார். டே-சாக்ஸ் நோய்க்குத் தம் குழந்தைகள் நால்வரைப் பறிகொடுத்தவர் அவர். 1983ல் அவர் தொடங்கிய 'டோர் யெஷோரிம்' அமைப்பில் ரத்தம் கொடுத்தவருக்கு ஓர் எண் மட்டும் கிடைக்கும். வரன் பேசும்போது இரண்டு எண்களையும் சொன்னால், பொருந்தும், பொருந்தாது என்று மட்டும் பதில் வரும். தனித்தனியாக யார் கேரியர் என்று சொல்லமாட்டார்கள். ஜாதகப் பொருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும்.

என் அபிப்பிராயம், வரன் விளம்பரத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாது என்பதே. அப்படிச் செய்தால் ஆர்கோமெனோஸ்தான். நிச்சயதார்த்தத்துக்கு முன் பெண்ணும் பிள்ளையும் தாங்களாகப் போய்ச் சோதித்துக்கொள்ளட்டும். காகிதம் அவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். ஏற்கெனவே கல்யாணமானவர்கள் கர்ப்பத்துக்கு முன் செய்துகொள்ளலாம். இருவருமே கேரியர் என்றாலும் வழி அடைந்துவிடவில்லை. பெண் சிசுவைக் கண்டறிந்து கலைப்பதைத் தடுக்க மகாராஷ்டிரம் 1988லும் மத்திய அரசு 1994லும் கொண்டுவந்த சட்டங்கள், இத்தகைய நோய்களுக்கான கருச்சோதனையை அனுமதிக்கின்றன. கர்ப்பமாகி மூன்று மாதம் நிறையும் சமயத்தில் அதைச் செய்யலாம். பரேலில் கே.இ.எம். வளாகத்திலுள்ள தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம் இத்துறையில் நெடுநாள் அனுபவமுள்ளது.