3.80: ஏழாண்டுகள் அசையாத ரிங்கிட்

ஒரு அமெரிக்க டாலருக்கு 3 ரிங்கிட் 80 சென். 1998 செப்டம்பர் 2 தொடங்கி 2005 ஜூலை 21 வரை மலேசியர்கள் மனப்பாடமாகச் சொன்ன கணக்கு இது. நாணய மாற்று விகிதம் வங்கியாளர்களின் விவகாரம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அது தங்கள் வீட்டுக் கடனோடும் வேலையோடும் பிணைந்திருப்பதை உணர்த்திய காலம் அது.

1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தபோது ஒரு டாலர் ஏறக்குறைய 2.50 ரிங்கிட்டாக இருந்தது. அடுத்த ஜனவரியில் 4.88 வரை போனது. நாணயம் சரியும்போது வட்டியை உயர்த்துவது வழக்கமான வைத்தியம். வட்டி கூடினால் பணம் நாட்டை விட்டு ஓடாது என்பது அதன் நியாயம். மலேசியாவும் முதலில் அதைத்தான் செய்தது. பி.எல்.ஆர். எனப்படும் அடிப்படைக் கடன் வட்டி 1998 நடுப்பகுதியில் 12 விழுக்காட்டைத் தாண்டியது. கட்டடங்கள் பாதியில் நின்றன. தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்தது. அவ்வாண்டு பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது.

அப்படியானால் வட்டியைக் குறைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சிக்கல் அங்கேதான் இருந்தது. ரிங்கிட்டைக் கடன் வாங்கி விற்றுவிட்டு, விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுக்க ஊக வணிகர்கள் காத்திருந்தனர். அவர்களுக்கு ரிங்கிட் தேவைப்பட்டதால், சிங்கப்பூர்ச் சந்தையில் ரிங்கிட் வைப்புத்தொகைக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி கிடைத்தது. உள்நாட்டில் வட்டியை இறக்கினால் எஞ்சிய பணமும் அங்கே போய்விடும். பணம் தடையின்றி வந்து போகும் நாட்டில் நாணயத்தின் விலையையும் வட்டியையும் ஒருசேரப் பிடித்து வைக்க எந்த மத்திய வங்கியாலும் இயலாது.

1998 செப்டம்பர் 1ஆம் நாள் பேங்க் நெகாரா கதவைச் சாத்தியது. வெளிநாடுகளில் கிடந்த ரிங்கிட் அக்டோபர் 1க்குள் திரும்பிவிட வேண்டும். பங்குச் சந்தைக்கு வந்த அந்நிய முதலீடு ஓராண்டுக்கு வெளியேற முடியாது. மறுநாள் 3.80 நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் வட்டியை இறக்க முடிந்தது. 1999 இறுதியில் பி.எல்.ஆர். 7 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. அவ்வாண்டு பொருளாதாரம் 6.1 விழுக்காடு வளர்ந்தது.

இதை வைத்து வெற்றி முழக்கமிடுவது அவசரப் புத்தி. ஐ.எம்.எப். கடனுதவி பெற்ற தென்கொரியா, இத்தகைய தடைகள் இல்லாமலேயே 1999இல் இன்னும் வேகமாக எழுந்தது. ஆயினும் மலேசியா மீளவே மீளாது என்று ஆரூடம் சொன்னவர்கள் வாயடைத்துப் போனதும் உண்மை. சிங்கப்பூரில் கிளோப் சந்தை வழியாக மலேசியப் பங்குகளை வாங்கியிருந்த சிறு முதலீட்டாளர்களுக்கு மட்டும் அந்தக் கசப்பு எளிதில் மறையவில்லை. அவர்களின் பங்குகள் முடங்கிப் போயின.

2005இல் சீனா தன் யுவானை டாலரின் பிடியிலிருந்து தளர்த்திய அதே நாளில் மலேசியாவும் 3.80ஐக் கைவிட்டது. ரிங்கிட் மெல்ல மெல்ல ஏறியது. 2008 ஏப்ரலில் ஒரு டாலரை வாங்க 3 ரிங்கிட் 20 சென்னுக்கும் குறைவே போதுமானதாக இருந்தது.